பயிற்றுநரோடு துப்பாக்கி சுடும் அமர்வு: பணம் கட்டுமுன் ஓர் எச்சரிக்கை

பயணம் செல்லும் இடங்களில் உள்ளரங்கத் துப்பாக்கி சுடுதளத்துக்குச் சென்று, பயிற்றுநர் ஒருவரின் துணையோடு சுட்டுப் பார்க்கும் அமர்வுகளைச் சுற்றுலா முன்பதிவுத் தளங்கள் இப்போது தாராளமாக விற்கின்றன. அத்தகைய அமர்வு ஒன்றுக்கு நானும் என் மைத்துனரும் சென்றோம். பணத்தில் ஏமாற்றப்பட்டது ஒருபுறமிருக்க, குழலுக்குள் குண்டு சிக்கிய கைத்துப்பாக்கியை மறுபடியும் சுடும்படி அங்கிருந்த பயிற்றுநரே என் கையில் கொடுத்தார் என்பதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். பெயர் தெரிவதைவிட, இத்தகைய இடங்கள் எப்படி நடத்தப்படுகின்றன என்று தெரிவதே அடுத்து செல்பவர்களுக்குப் பயன்படும்.

முன்பதிவின்போது எங்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: ஒருவருக்கு ஒரு பயிற்றுநர்; .22 காலிபர் (குழலின் உள்விட்ட அளவு) கைத்துப்பாக்கியில் 20 தோட்டாக்கள், 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் 20, ரைஃபிளில் 10. காதுக்கவசம், கண்ணாடி, இலக்குத் தாள் யாவும் கட்டணத்துக்குள் அடங்கும். அங்கே போய்ச் சேர்ந்தபின், கண்ணாடிக்குத் தனி வாடகை என்றும், முதல் இலக்குத் தாளுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்றும், துப்பாக்கிக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்ட ஒரு தொகையை வங்கி அட்டையில் நிறுத்திவைக்க வேண்டும் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அடையாளம் சரிபார்ப்பதற்காகக் கடவுச்சீட்டைக் கேட்பது எந்தச் சுடுதளத்திலும் இயல்பு. ஆனால் இவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தராமல், அமர்வு முடியும்வரை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். பிறகு நடந்த ஒவ்வொரு வாக்குவாதத்திலும் எங்கள் குரல் தாழ்ந்தே ஒலித்ததற்கு அந்த இழுப்பறை ஒரு முக்கியக் காரணம்.

கையெழுத்துக்காக நீட்டப்பட்ட பொறுப்புத் துறப்புப் படிவம் நான்கு பக்கம் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், பாதுகாப்பு விளக்கம் முழுமையாக அளிக்கப்பட்டது என்றும், பாதுகாப்புக் கருவிகள் நல்ல நிலையில் வழங்கப்பட்டன என்றும், தோட்டாக்கள் எண்ணிக்கை குறையாமல் கிடைத்தன என்றும் நாங்கள் உறுதியளிப்பதாக எழுதியிருந்தது. அந்த மூன்றில் எதுவும் அப்போது நடந்திருக்கவில்லை. அமர்வு முடிந்ததும் அந்தப் பக்கத்தில் ஒப்பமிடுகிறோம் என்றோம். இப்போதே ஒப்பமிட வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் திரும்பாது என்று பதில் வந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒப்பமிட்ட நேரத்தை என் கையால் குறித்துவிட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். புகார் கொடுக்கையில் எங்களிடம் இருந்த மிக உருப்படியான சான்று அதுவாகத்தான் இருந்தது.

பாதுகாப்பு விளக்கம் என்ற பெயரில், நாங்கள் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோதே சுவரிலிருந்த திரையில் ஒலி குறைக்கப்பட்ட காணொளி ஒன்று ஓடி முடிந்தது. துப்பாக்கியை முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்பதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. அமெரிக்கப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகளை உலகெங்கும் சுடுதளங்கள் ஏதோ ஒரு வடிவில் சொல்லித்தருகின்றன: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும், அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது, குறிபார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் படக் கூடாது, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். இவற்றோடு, நிற்கும் முறை, பிடிக்கும் முறை, எந்தக் கண் முதன்மையானது என்று கண்டறிவது, “நிறுத்து” என்ற கட்டளை எப்படி ஒலிக்கும், அது ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் ஆகியவற்றைச் சொல்லி, தோட்டா இல்லாத துப்பாக்கியை ஒருமுறை கையாளவும் வைத்தால் கால் மணி நேரம் ஆகும். எங்களுக்கு அந்தக் கால் மணி நேரம் தரப்படவில்லை. ஸ்லைடு, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் துப்பாக்கியின் மேற்பகுதி, பின்னோக்கிப் பாயும்போது கையைக் கிழிக்கும், ஆகவே கட்டைவிரலை அதற்குப் பின்னால் வைக்கக் கூடாது என்பதுகூடச் சொல்லப்படவில்லை. மைத்துனரின் கட்டைவிரல் அடியிலிருந்து இரத்தம் கசிந்த பிறகுதான் பயிற்றுநர் அதைச் சொன்னார்.

காதுக்கவசங்களின் மெத்தைகள் வெடித்து உரிந்திருந்தன. 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் வெடிப்பொலி 160 டெசிபெலை ஒட்டியது. 140 டெசிபெலைத் தாண்டிய வெடிப்பொலி ஒரே தடவையில்கூடக் கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடும். மூடிய அறையில் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. காதுக்குள் வைக்கும் அடைப்பானையும் அதன்மேல் கவசத்தையும் சேர்த்து அணிவதுதான் உள்ளரங்கில் சரியான முறை. அடைப்பான் கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றார்கள். வாடகைக்குத் தந்த கண்ணாடியின் தடித்த காம்பு கவசத்துக்கும் காதுக்கும் நடுவில் இடைவெளி உண்டாக்கியதால் கவசம் சரியாகப் பொருந்தவே இல்லை. அன்றிரவு முழுவதும் என் இடது காதில் ரீங்காரம் ஓயவில்லை. சில ரூபாயில் கிடைக்கும் நுரைப்பஞ்சு (foam) அடைப்பானை நீங்களே எடுத்துச் சென்றுவிடுங்கள்.

ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என்ற வாக்குறுதி சுடும் அறைக்குள் நுழைந்ததுமே உடைந்தது. சுடுபவர் ஒவ்வொருவரும் நிற்கும் நான்கு தடங்களுக்கும் ஒரே மனிதர். சுடுபவரின் பக்கவாட்டில், தேவைப்பட்டால் கையை எட்டிப் பிடித்துக் குழலை இலக்கின் பக்கமே நிறுத்தி வைக்கக்கூடிய தொலைவில் நிற்பவரைத்தான் பயிற்றுநர் என்று சொல்ல முடியும். இவரோ பின்சுவரில் சாய்ந்து நின்றார். மேகசின் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் கூடு) தீர்ந்தால் வந்து மாற்றித் தந்தார். இடையிடையே பெரிய துப்பாக்கிகளின் கட்டண அட்டையைக் காட்டினார். எங்களுக்கு அடுத்த தடத்திலிருந்த இளைஞர், தன்னைப் படமெடுத்த தோழியின் பக்கம் சிரித்துக்கொண்டே துப்பாக்கியோடு பாதி திரும்பினார். அந்த நேரத்தில் பயிற்றுநர் எங்களிடம் அந்த அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தனிப்பட்ட முறையில் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நான்கு தடங்களைப் பார்க்கவும் பொருள் விற்கவும் ஒரே ஆளை நிறுத்திய நிர்வாகத்துக்குத்தான் அந்தக் குறை சேரும்.

தோட்டாக் கணக்குக்கு வருகிறேன். மேகசின்களை அவர்கள் உள்ளறையில் நிரப்பிக் கொண்டுவந்தார்கள். மேகசினுக்குப் பத்து என்று சொல்லப்பட்டது. 9 மி.மீ. துப்பாக்கியில் மைத்துனர் ஏழு முறை சுட்டதும் ஸ்லைடு பின்னால் போய் நின்றுவிட்டது. அதாவது மேகசின் காலி. அடுத்ததிலும் ஏழுதான். கேட்டபோது, சுடும் பதற்றத்தில் எண்ணிக்கை தவறுவது வழக்கம் என்றார்கள். தரையில் விழும் காலி உறைகள் எல்லாத் தடங்களின் உறைகளோடும் கலந்துவிடுவதால் பிறகு எண்ணிக் காட்ட வழியே இல்லை. இந்த மோசடி நடப்பதே அந்த வசதியில்தான். பல கைத்துப்பாக்கி மேகசின்களின் பின்புறத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியே உள்ளே எத்தனை தோட்டாக்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். கண்முன்னே நிரப்பச் சொல்வது அதைவிட எளிது. நேர்மையான இடம் அதற்கு மறுப்புச் சொல்லாது.

அடுத்தது என் முறை. மூன்றாவது தடவை விசையை இழுத்தபோது, நமத்துப்போன பட்டாசு போல ஒரு மந்தமான “டப்” ஒலி மட்டும் வந்தது. கையில் உதைப்பு ஏறக்குறைய இல்லை. ஸ்லைடும் அசையவில்லை. துப்பாக்கியை இலக்கின் பக்கமே பிடித்தபடி பயிற்றுநரை அழைத்தேன். அவர் வந்து மேகசினின் அடியில் ஒரு தட்டுத் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட்டு, சுடுங்கள் என்று சைகை காட்டினார்.

இந்த இடத்தில் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. தோட்டாவில் வெடிமருந்து போதாமலோ இல்லாமலோ போனால், அடியிலுள்ள தூண்டுமருந்து மட்டும் எரிந்து குண்டைக் குழலுக்குள் பாதித்தூரம் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். குண்டு வெளியேறாமல் குழலை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்நிலையில் துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளாது. ஆனால் யாராவது ஸ்லைடைக் கையால் இழுத்துவிட்டால் புதிய தோட்டா ஏறிவிடும். அதைச் சுட்டால், பின்னால் வரும் குண்டு முன்னால் அடைத்து நிற்கும் குண்டில் மோதி, குழல் புடைக்கலாம், வெடித்தும் போகலாம். விரல்களும் கண்களும் அதற்கு மிக அருகில் இருக்கும். மந்தமான ஒலியும் குறைந்த உதைப்பும் வந்தால் உடனே நிறுத்தி, மேகசினைக் கழற்றி, தோட்டா அறையைக் காலி செய்ய வேண்டும்; குழலைச் சோதிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுடக் கூடாது என்பது இத்துறையின் அரிச்சுவடி. விசையை இழுத்தும் எந்த வெடிப்பொலியும் வராவிட்டால் விதி வேறு: தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால், குழலை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடிகள் காத்திருக்க வேண்டும். பயிற்றுநர் செய்த தட்டி இழுக்கும் முறை, தோட்டா சரியாக ஏறாத சாதாரணத் தடங்கலுக்கு உரியது. ஒலியைக் கவனித்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டார். அவர் கவனிக்கவில்லை.

என் விரல் விசைக்குப் போகுமுன், மறுபக்கத் தடத்தில் சொந்தத் துப்பாக்கியோடு சுட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் “நிறுத்து” என்று உரக்கக் கத்தினார். துப்பாக்கியை மேடையில் வைத்தேன். அவரும் பயிற்றுநரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். முதியவர் மிகுந்த கோபத்தில் இருந்தார். துப்பாக்கியைக் கழற்றிக் குழலுக்குள் ஒரு கோலைச் செலுத்தித் தட்டியபோது குண்டு வெளியே விழுந்தது. மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. வேறொரு துப்பாக்கியும் அதே பெயரில்லாத பிளாஸ்டிக் பையிலிருந்து தோட்டாக்களும் வந்தன. அவை பழைய உறைகளில் மருந்தை மறுபடி நிரப்பிய தோட்டாக்கள் என்று அந்த முதியவர்தான் சொன்னார். மறுநிரப்புத் தோட்டாக்கள் எல்லாமே ஆபத்தானவை அல்ல. கவனத்தோடு தயாரிப்பவர்கள் உண்டு. எனினும், யார் நிரப்பியது என்று பெட்டியிலோ பையிலோ எழுதப்படாத தோட்டாவை முதன்முறை சுடுபவரின் கையில் கொடுப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. நான் அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும், மைத்துனரிடம் தானியங்கித் துப்பாக்கியைச் சலுகை விலைக்குத் தருவதாகப் பேரம் பேசினார்கள் என்பதை நம்புவீர்களா என்று தெரியவில்லை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு சுடுதளத்தில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் தானியங்கி முறையில் இயங்கும் உசி துப்பாக்கி தரப்பட்டது. உதைப்பின் வேகத்தில் அது அவளது பிடியை மீறி மேலெழும்ப, அருகில் நின்ற பயிற்றுநரே குண்டு பட்டு இறந்தார். ஒற்றை வெடிப்பையே இன்னும் பழகாத ஒருவரிடம் தொடர்வெடிப்புத் துப்பாக்கியை விற்க முனைபவர், விற்பனைக் கணக்கை மட்டுமே பார்க்கிறார்.

காற்றோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈயக் குண்டிலிருந்தும், ஈயச் சேர்மம் கலந்த தூண்டுமருந்திலிருந்தும் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஈயத் துகள்கள் காற்றில் கலக்கின்றன. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 2009-இல் உள்ளரங்கச் சுடுதளங்களின் ஈயம், இரைச்சல் பற்றித் தனி எச்சரிக்கை வெளியிட்டது. சுடுபவரின் முதுகுப்புறமிருந்து இலக்கை நோக்கி, விநாடிக்கு ஏறக்குறைய 0.38 மீட்டர் வேகத்தில் காற்று சீராக நகர வேண்டும் என்பது அந்நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. அங்கே புகை எங்கள் முகத்தைச் சுற்றியே நின்றது; ஊழியர் ஒருவர் உறைகளைச் சாதாரணத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார். உலர்ந்த துடைப்பம் ஈயத் தூசியை மறுபடியும் காற்றில் எழுப்பும் என்பதால் அது கூடாது. கருவுற்றிருப்பவர்களையும் குழந்தைகளையும் இத்தகைய அறைக்குள் வேடிக்கை பார்க்கக்கூட அழைத்துச் செல்லாதீர்கள். சென்றவர்கள், எதையும் உண்பதற்கு முன் கையையும் முகத்தையும் சோப்பால் நன்றாகக் கழுவி, அணிந்திருந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

வெளியேறும்போது காலித் தோட்டா உறையில் செய்த சாவிக்கொத்து ஒன்றை நினைவுப்பொருளாக விற்றார்கள். விமானத்தில் திரும்புபவர் அதை வாங்கவே கூடாது. வெற்று உறையானாலும் அது பெட்டியில் இருப்பது பல விமான நிலையங்களில் சிக்கலை உண்டாக்கும். சில நாடுகளில் வழக்கே பதிவாகலாம். சுட்ட கையிலும் உடையிலும் ஒட்டியிருக்கும் மருந்துத் துகள்கள் வெடிபொருள் சோதனைக் கருவியை ஒலிக்கச் செய்யவும் கூடும். சுடுவதற்கும் விமானம் ஏறுவதற்கும் ஒரே நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சுடுதளத்துக்குக் கொண்டுசென்ற பையையும் விமானத்துக்குக் கொண்டுசெல்லாதீர்கள்.

கடவுச்சீட்டுகள் கைக்கு வந்த பின்னரே புகாரை எழுதிக் கொடுத்தோம். நாங்கள் ஒப்பமிட்ட படிவத்தின் நகல்தான் நிறுவனத்திடமிருந்து வந்த பதில். ஓரத்தில் நான் குறித்த நேரம், முன்பதிவில் எழுதப்பட்டிருந்த வாக்குறுதிகளின் படம், தனியாக வசூலித்த தொகைகளின் இரசீதுகள் ஆகியவற்றை முன்பதிவுத் தளத்துக்கு அனுப்பியபோது, கண்ணாடி வாடகையையும் இலக்குத் தாள்களின் கட்டணத்தையும் மட்டும் திருப்பித் தந்தார்கள். மீதித் தொகைக்காக அட்டை வழங்கிய வங்கியிடம் மறுப்பு மனு கொடுத்திருக்கிறோம். குழலில் சிக்கிய குண்டைப் பற்றியும், சுடுதளங்களுக்கு உரிமம் வழங்கும் அவ்விடத்துக் காவல் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.