மைவியை 30 மில்லிமீட்டர் தாழ்த்திய பிறகு

பேராக்கின் சுங்கை சிப்புட்டில், உயரம் குறைத்துத் தாழ்த்திய காடிகளுக்குப் பஞ்சமில்லை. பார்க்க அழகு, பெட்ரோல் எண்ணெயும் மிச்சமாகும் என்பார்கள். என் மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவி காடியில் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டுச் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டேன். அழகு சரி. எண்ணெய்க் கணக்கை நம்பி யாரும் பணம் போட வேண்டாம்.

காடி தாழ்ந்தால் அடியில் புகும் காற்று குறையும், சக்கரங்களும் கொஞ்சம் உள்ளே மறையும். காற்றுத் தடை ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் அந்தத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. மணிக்கு 60 கிலோமீட்டரில் இருப்பதைவிட 110-இல் மூன்று மடங்குக்கும் மேல். பட்டணத்துக்கும் தோட்டத்துக்கும் இடையில் ஓடும் நமக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஈப்போ வரை நெடுஞ்சாலையில் போனாலும் எண்ணெய்ச் செலவில் வித்தியாசம் கண்ணில் படவில்லை. டயர் காற்றைச் சரியாக வைத்தாலே அதைவிடப் பலன் உண்டு.

எனக்குப் பிடித்தது வளைவுகள். நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப் பக்கம் இறங்கும்போது உடல் சாய்வது நன்றாகக் குறைந்துவிட்டது. ஸ்டீயரிங் திருப்பியவுடன் காடி கேட்கிறது. இதற்காகவே இன்னொரு முறையும் தாழ்த்துவேன்.

விலை கொடுப்பது செம்மண் சாலையில். ஸ்பிரிங் ஏறி இறங்க இடம் குறைவு என்பதால் அதைக் கெட்டியாகத்தான் செய்கிறார்கள். செம்பனை லாரிகள் கிளறிய பள்ளம் ஒவ்வொன்றும் முதுகுக்குத் தெரியும். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, அதைத் தடுக்கும் கடைசி ரப்பரில் ‘டொக்’ என்று இடிக்கும். அம்மா முன் இருக்கையில்தான் உட்காருவார்.

ஸ்பிரிங்கோடு அதற்குப் பொருந்தும் அப்சோர்பரையும் (ஸ்பிரிங்கின் குலுக்கத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) சேர்த்தே மாற்றினேன். பழைய அப்சோர்பர் அந்த உயரத்தில் எப்போதும் அமுங்கியே வேலை செய்யும், சீக்கிரம் எண்ணெய் கசியும். அப்புறம், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட். முன்சக்கரத்தின் கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கட்டாயம் நகர்ந்திருக்கும். டோ தவறினால் டயரின் உள்விளிம்பு வெளியே தெரியாமலே தேய்ந்துபோகும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வைத்து, உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மைவிக்குப் பின்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்ற குறுக்குத் தண்டு என்பதால் அங்கே கேம்பர் அவ்வளவாக மாறுவதில்லை.

செலவைக் குறைக்க, இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டித் தருவதாகச் சில பட்டறைகளில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். காடி பள்ளத்தில் தூக்கிப் போடும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டு நழுவக்கூடும்.