விம்மில் கோட் கம்ப்ளீஷன்: யூகம்ப்ளீட்மீயா, கோக்கா?

நிரல் எழுத உதவும் விம் எடிட்டரில் நாலு எழுத்து தட்டினால் மீதியை அதுவே எடுத்துத் தர வேண்டும் என்பவர்கள் பலரும் வந்து நிற்கும் இடம் யூகம்ப்ளீட்மீ (YouCompleteMe), கோக் (coc.nvim) என்ற இந்த இரண்டு பிளகின்கள்தான், அதாவது எடிட்டரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்.

யூகம்ப்ளீட்மீ பழைய கை. பிளகினை இறக்கினால் மட்டும் போதாது. விம்மில் பைத்தான் 3 ஆதரவு இருக்க வேண்டும்; சி++ நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரும், அந்த வேலையை ஒழுங்குபடுத்தும் சீமேக் கருவியும் வேண்டும்; அப்புறம் இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டி, ஒரு பகுதியை நம் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும். முதல் தடவை எனக்கு ஒரு சாயங்காலமே போனது. தப்பு என்னுடையதுதான், என் விம்மில் பைத்தான் ஆதரவே இல்லை! ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் சுகம். இடையிடையே எழுத்தை விட்டுத் தட்டினாலும் சரியான பெயரைப் பிடித்துவிடும்.

கோக்குக்கு நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) இருந்தால் போதும், கம்பைல் தொல்லை இல்லை. பைத்தானுக்குப் பைரைட் என்று மொழிக்கொரு நீட்சியை விம்முக்குள்ளிருந்தே ஒரே கட்டளையில் போடலாம். அமைப்புகள் ஒரு ஜேசான் (JSON) கோப்பில் இருக்கும். விஎஸ் கோட் எடிட்டரில் பழகியவருக்கு இது புதிதல்ல. பரிந்துரையைத் தேர்ந்தெடுக்க டேப் விசையை மட்டும் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நோட் ஓடிக்கொண்டே இருப்பதால் மெமரியும் கொஞ்சம் தின்னும்.

சி++ மட்டும் எழுதுபவர் யூகம்ப்ளீட்மீயோடு நிம்மதியாக இருக்கலாம். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று தாவிக்கொண்டிருக்கும் எனக்குக் கோக்தான் சரி.