ரேடியேற்றரைக் கழற்றி ஃபேர்னஸ் போடச் சொல்பவர்களிடம் கவனம்: எங்களுக்கு 18,400 டொலர் போய்விட்டது

ரொறன்ரோவில் பழைய செங்கல் வீடு வைத்திருப்பவர்கள், வெந்நீரில் சூடாகும் ரேடியேற்றரை எடுத்துவிட்டு, குழாய் வழியே சூடான காற்றை ஊதும் ஃபேர்னஸ் போடலாமா என்று யோசிப்பவர்கள், யாரிடமும் முற்பணம் கொடுப்பதற்குமுன் இதை வாசியுங்கள். எங்களிடம் 18,400 டொலரை வாங்கிக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உதவாத ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளியே இன்று மைனஸ் 15. அம்மா தன் அறையில் இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

டான்ஃபோர்த் பக்கம் 1920களில் கட்டிய வீடு இது. நிலக்கீழ் அறையில் எரிவாயு பொயிலர். அது சூடாக்கும் தண்ணீர் ஒவ்வோர் அறையிலும் உள்ள வார்ப்பிரும்பு ரேடியேற்றருக்குப் போகும். சத்தம் கிடையாது, தூசி கிளம்பாது, பொயிலர் அணைந்த பிறகும் இரும்பு நெடுநேரம் சூடாகவே இருக்கும். குறை என்றால், கோடையில் வீட்டைக் குளிர வைக்க வழியில்லை. போன குளிர்காலத்திலிருந்து அம்மாவின் அறை ரேடியேற்றர் வேறு அடியில் மட்டும் சுட்டு, மேலே குளிர்ந்து கிடந்தது. ஸ்காபரோவில் தங்கை வீட்டில் ஃபேர்னஸ். ஒரே காற்றுக்குழாயில் குளிர்காலத்தில் சூடும் கோடையில் குளிரும் வரும். அதைப் பார்த்துத்தான் விசாரித்தோம்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் இணையத்தளம் ஒன்றில் ஐந்து நட்சத்திரங்களோடு முதலில் நின்ற நிறுவனம் அது. வந்தவர் தமிழர். சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார். "அம்மா, ஊரில் எவ்விடம்?" என்று கேட்டார். பதில் வந்ததும், தன் பெரியம்மா கலியாணம் செய்து போனது அந்த ஊருக்குத்தான் என்றார். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். அம்மாவே எழுந்து தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு மேலே போய் ரேடியேற்றரின் அடியிலும் நடுவிலும் மேலேயும் கையை வைத்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். "அக்கா, உங்கள் பொயிலர் முடிந்துவிட்டது. நடு ஜனவரியில் நின்றுபோனால் குழாய் உறைந்து வெடிக்கும். அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், என் அம்மாவின் வீடு மாதிரிச் செய்து தருகிறேன்." நிலக்கீழ் அறைக்கு இறங்கி அந்தப் பொயிலரை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றே 9,000 டொலர் முற்பணம். ஃபேர்னஸ் முதன்முதல் எரிந்த கையோடு மிச்சம் 9,400. ஒன்ராறியோவில், வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட இப்படியான ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். அதற்குள் எங்கள் ரேடியேற்றர்கள் லொறியில் ஏறிவிட்டன. அந்த அவசரம் எதற்கென்று இப்போது விளங்குகிறது. "பழைய இரும்பை இலவசமாகவே அகற்றித் தருகிறோம் அக்கா" என்றார்களே, அதை நினைத்தால் வயிறு எரிகிறது. பழைய வார்ப்பிரும்பு ரேடியேற்றர்களைத் துலக்கி நல்ல விலைக்கு விற்கிற கடைகள் இருக்கின்றன.

இனி வேலையின் அழகைக் கேளுங்கள். தண்ணீர், அதே கனவளவு காற்றைவிட 3,000 மடங்குக்கு மேல் சூட்டைச் சுமக்கும். ஆகவே ஓர் அங்குலத் தண்ணீர்க் குழாய் செய்கிற வேலைக்குக் காற்றென்றால் பெரிய தகரக் குழாய் வேண்டும். ரேடியேற்றருக்கென்று கட்டிய வீட்டுச் சுவர்களில் அதற்கு இடம் ஏது? கீழ்த்தளத்துக்குத் தாராளமாகக் குழாய் போட்டார்கள். மேல்மாடிக்கு, என் உடுப்பு அலுமாரியை ஊடறுத்து, நாலு வளைவோடு ஒரே ஒரு குழாய். அறைக்குள் போகும் காற்று ஃபேர்னஸுக்குத் திரும்பி வரவும் வழி வேண்டும். மேலே அப்படியொரு வழியே வைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் அறைத் துவாரத்துக்கு நேரே ஒரு மெல்லிய கடதாசியைப் பிடித்துப் பார்த்தேன். ஆடவே இல்லை. கீழே 25 பாகை, மேலே 15. ஃபேர்னஸோ இந்த வீட்டுக்கு மிஞ்சிய அளவு. சில நிமிடம் இரைந்து கீழ்த்தளத்தை வேக வைத்துவிட்டு அணைந்துவிடுகிறது. சூட்டை அளந்து அதை அணைக்கும் தெர்மோஸ்டாட் கீழேதானே இருக்கிறது, அதற்கு மேல்மாடியைப் பற்றி என்ன கவலை.

கூப்பிட்டால் முதலில், "புதுச் சாதனம், வீடு பழக வேண்டும், ஒரு வாரம் பொறுங்கள்." பிறகு, "இரவில் கதவுகளைத் திறந்துவிட்டுப் படுங்கள்." பிறகு, "ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்." போட்டு ஒரு மாதம் ஆகாத ஃபில்டர்! அடுத்த கட்டத்தில் பாட்டு மட்டும் கேட்டது, ஆள் வரவில்லை. பெரியம்மாவின் ஊர்க்காரரை அவருடைய சொந்த இலக்கத்தில் பிடித்தேன். "அக்கா, நான் இப்போது அங்கே வேலை செய்வதில்லை" என்று வைத்துவிட்டார். அவர் படம் இன்றைக்கும் அந்த விளம்பரத்தில் சிரிக்கிறது. இணையத்தளத்துக்கு எழுதினால், தாங்கள் இரு தரப்பையும் இணைத்துவிடுபவர்கள் மட்டும்தானாம். நான் இட்ட மதிப்புரையையும் விதிமீறல் என்று நீக்கிவிட்டார்கள். 18,400 டொலர் தொலைத்தவள் எழுதினால் விதிமீறல்.

கடைசியில் உரிமம் உள்ள வேறொருவர் வந்து, ரேடியேற்றர் கிடந்த நிலையைக் கேட்டதும் சிரித்தேவிட்டார். அடி சூடு, மேல் குளிர் என்றால் பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கிறதாம். மேல் ஓரத்தில் சிறிய வால்வு ஒன்று உண்டு. சதுரத் துளைச் சாவியால் மெல்லத் திருகினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும், தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். சாவி சில டொலர். கோடைக்கு, ரேடியேற்றரை அப்படியே வைத்துக்கொண்டு சுவரில் மாட்டும் வெப்பப் பம்பு (வீட்டுச் சூட்டை வெளியே தள்ளிக் குளிர வைப்பது) போட்டிருந்தால் காற்றுக்குழாயே தேவைப்பட்டிருக்காது. தங்கை வீட்டு ஃபேர்னஸில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சட்டென்று சூடாக்குகிறது, தூசியை வடிகட்டுகிறது. அந்த வீடே காற்றுக்குழாயோடு கட்டிய வீடு.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டு எழுதித் தராதவரிடம் ஃபேர்னஸ் வாங்காதீர்கள். ஒன்ராறியோவில் எரிவாயு வேலைக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.யின் உரிம இலக்கத்தைக் கேளுங்கள். புதிதாகக் காற்றுக்குழாய் போடுவதென்றால் நகராட்சி அனுமதிப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். மேல்மாடி சூடாகும்வரை மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள். 10 நாள் முடியாமல் ஒரு ரேடியேற்றரையும் வீட்டுப் படி தாண்ட விடாதீர்கள்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். வழக்கு முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார்.