தட்டா, விரலா, குனாஃபாவா?

கெய்ரோவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். பிள்ளைகளெல்லாம் அவரைத் ‘தான்த்’ என்று கூப்பிடும். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாவற்றுக்கும் பொதுவாக எகிப்தியர்கள் பிரெஞ்சிலிருந்து இரவல் வாங்கிய சொல் அது. நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒரு ரமலானில், நட்ஸ் வைத்துப் பாகில் ஊறவிடும் பக்லாவா என்ற இனிப்பைச் செய்யச் சொல்லிக்கொடுங்கள் என்று அவர் முன்னால் போய் நின்றேன். அவர் மாவைப் பற்றியோ பிஸ்தாவைப் பற்றியோ பேசவில்லை. “எப்போ சாப்பிடப் போறே, மகளே? இன்னைக்கு ராத்திரியா, பெருநாளைக்கா?” என்றுதான் கேட்டார்.

நட்ஸ் வைத்த எகிப்திய இனிப்புகளில் எதை வீட்டில் செய்யலாம் என்று யார் கேட்டாலும், நானும் இப்போது அதையேதான் திருப்பிக் கேட்கிறேன். படத்தில் பார்க்கிற அழகை வைத்து முடிவு செய்துவிட்டு, மறுநாள் தட்டைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் தட்டில் அடுக்கும் பக்லாவா. கெய்ரோக்காரர்கள் நடுவில் உள்ள ‘க’வை விழுங்கிவிட்டு ‘பஅலாவா’ என்பார்கள். காகிதம் போன்ற மாவுத்தாளுக்கு அங்கே குல்லாஷ் என்று பெயர். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளின் ஃப்ரீசரில் ஃபிலோ என்று இருப்பதும் அதுதான். அரைக் கிலோ பாக்கெட்டை முந்தின இரவே எடுத்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். அவசரப்பட்டுச் சமையல் மேடையில் வைத்து இளக்கினால் தாள்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாள்களில் பாதியை ஒவ்வொன்றாக நெய் தடவி அடுக்கி, பொடித்த நட்ஸைப் பரப்பி, மீதியையும் அதேபோல் மேலே அடுக்க வேண்டும். கிழிந்த தாளா? நடுவில் போடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்? முதல் முறை செய்கிறவரின் தப்பையெல்லாம் மறைத்துக்கொடுப்பது இந்த வடிவம்தான்.

ஆனால் வெட்டுவதில் தப்பினால் மறைக்க முடியாது. ஓவனில் வைக்கும் முன்பே, கத்தி தட்டின் அடியில் உரசுகிற சத்தம் கேட்கும்வரை வெட்டிவிட வேண்டும். நான் முதல் முறை மேல் அடுக்குகளை மட்டும் டைமண்ட் டைமண்டாகக் கீறிவிட்டு வைத்தேன். 180 டிகிரியில் 40 நிமிடம் வெந்து பொன்னிறமாகத்தான் வந்தது. பிறகு கத்தியை இறக்கியதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதைவிடச் சங்கடம், பாகு கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே குளம் கட்டி நின்றது. தான்த் ஒரு துண்டைப் புரட்டி அடியைப் பார்த்தார். அடித்தாள்கள் வெளுத்துக் காய்ந்து கிடந்தன. ஒன்றும் சொல்லவில்லை. கத்தி முனையால் தட்டின் அடியில் டக், டக் என்று தட்டிக் காட்டினார். அவ்வளவுதான் பாடம்.

பாகு ஊற்றியபின் இதை மூடாமல் ஆறவிட வேண்டும். மூடினால் ஆவி படிந்து மேல்தாள் தொய்ந்துவிடும். ஒரு ராத்திரி கழிந்தால்தான் சுவை கூடும். வெளியிலேயே நாலைந்து நாள் தாங்கும். பெருநாளைக்கு நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் நான் வேறெதையும் யோசிப்பதில்லை.

அதே குல்லாஷை விரல் விரலாகச் சுருட்டுவது இன்னொரு வழி. தாளை இரண்டாக மடித்து நெய் தடவி, ஓரத்தில் ஒரு கோடாக நட்ஸை வைத்துச் சுருட்ட வேண்டும். கையில் எடுத்துச் சாப்பிட வசதி, பார்க்கவும் லட்சணம். ஆனால் வேலை இரண்டு மடங்கு. நீங்கள் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே பாக்கித் தாள்கள் காற்றில் காய்ந்து வெடிக்கும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மூடியே வைத்திருக்க வேண்டும்; துணி சொட்டச் சொட்ட இருந்தால் தாள் களியாகிவிடும். இறுக்கமாகச் சுருட்டினால் உள்சுற்று வேகாமல் மாவு வாசனை அடிக்கும். தளர விட்டால் இரண்டு முனையிலும் நட்ஸ் கொட்டி, தட்டிலேயே கருகும். வருகிறவர்கள் இத்தனை பேர் என்று தெரிந்த விருந்துக்குச் செய்யலாம். நான் வருடத்துக்கு ஒரு முறை செய்தால் அதிகம்.

குனாஃபா வேறு ஜாதி. இதில் தாள் இல்லை, நூல். ரமலான் மாதம் கெய்ரோ தெருமுனைகளில் வட்டமான இரும்புத் தகட்டை அடுப்பின் மேல் வைத்து, அடியில் துளையிட்ட பாத்திரத்திலிருந்து தண்ணீரான மாவைச் சுற்றிச் சுற்றி ஊற்றுவார்கள். ஊற்றியவர் மறுபடி திரும்புவதற்குள் நூல் வெந்திருக்கும். ஒரே வாரலில் அள்ளிப் போடுவார். கையால் ஊற்றும் இந்த ‘பலதி’, அதாவது நாட்டு, குனாஃபா சற்றுத் தடியாக இருக்கும், இயந்திரத்தில் வருவது தலைமுடி மாதிரி. வீட்டு வேலை எளிது. நூலை உதிர்த்து நெய்யில் பிசறி, பாதியைத் தட்டில் அழுத்தி, நட்ஸைப் பரப்பி, மீதியால் மூடி வேகவைத்துக் கவிழ்த்தால் சரி. கிழியுமே என்ற பயம் கிடையாது. ஆனால் அன்றே சாப்பிட்டாக வேண்டும். மறுநாள் மொறுமொறுப்பு போய் நார் மாதிரி இழுக்கும். அப்புறம், குனாஃபா நூல் கிடைக்காவிட்டால் சேமியாவில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். இனிப்பு வரும், குனாஃபா வராது. சேமியா பிசைந்த மாவைப் பிழிந்து காயவைத்தது, பாகு பட்டாலும் உள்ளே கடுக்கென்றே நிற்கும்.

ஓவனே இல்லாதவர்களுக்குக் கதாயெஃப். ஒரு பக்கம் மட்டும் வெந்த குட்டி ஆப்பத்தில் நட்ஸும் உலர்திராட்சையும் வைத்து, சோமாசி போல மடித்துப் பொரித்துப் பாகில் முக்குவது. நோன்பு திறந்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். அரை மணி தாண்டினால் தொய்ந்துவிடும்.

வடிவத்தை முடிவு செய்தாயிற்று என்றால் அடுத்தது நெய்யா, வெண்ணெயா, எண்ணெயா. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர்; அது தாளை ஈரமாக்கும். அதிலுள்ள பால் கசடு கருகிப் புள்ளி விழும். எண்ணெய் மொறுமொறுப்பைத் தரும், வாசனையைத் தராது. எகிப்தியர்களின் ‘ஸம்ன பலதி’ நம் நெய்யேதான். எருமை நெய் வெளுப்பாகவும் பசு நெய் மஞ்சளாகவும் இருப்பதுகூட நம் ஊர் போலத்தான். முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சிய நெய்யை மட்டும் இதற்குத் தொடாதீர்கள், அந்த மணம் நட்ஸோடு சேர்க்கும் லவங்கப்பட்டையோடு சண்டை போடும்.

நட்ஸ் விஷயத்தில் பிஸ்தாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. எகிப்திய வீடுகளில் வால்நட் சாதாரணம். அவர்கள் பாஷையில் அதற்கு ‘ஒட்டகக் கண்’ என்று பெயர். செலவைக் குறைக்க ‘சூடான் பயறு’ சேர்ப்பார்கள், அதாவது நம் நிலக்கடலை. ‘இந்தியக் கொட்டை’யும் சேரும், அது வேறொன்றுமில்லை, தேங்காய். வால்நட் பாதி, வறுத்த நிலக்கடலை பாதி என்று கலந்து நான் செய்ததை யாரும் குறை சொன்னதில்லை. பொடிக்கும்போது ரவையாக நிறுத்திவிடுங்கள். மாவாகப் போனால் பாகில் குழைந்து அல்வாவாகிவிடும்.

பாகு 2 கப் சர்க்கரைக்கு 1 கப் தண்ணீர். கொதிவந்து எட்டுப் பத்து நிமிடம், விரலில் பிசுக்கென்று ஒட்டினால் போதும். நம் கை பழக்கத்தில் கம்பிப் பதம்வரை போய்விடும். போனால் பாகு தாளுக்குள் இறங்காமல் மேலேயே இறுகும். எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன், ஆறியபின் சர்க்கரை பூக்காமல் இருக்க. லெபனான், சிரியா பக்கம் பன்னீரோ ஆரஞ்சுப் பூ நீரோ விடுவார்கள். தான்த் விட்டது ஒரு சிட்டிகை வெண்ணிலாப் பொடி. எனக்கும் அதுவே பிடித்துப்போனது. பாகு முன்பே செய்து ஆறியிருக்க வேண்டும், தட்டு ஓவனிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். ஊற்றியதும் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். கேட்கவில்லையென்றால் தட்டு ஆறிவிட்டது, திரும்பச் சூடாக்குங்கள்.

பாக்கெட்டில் நாலைந்து தாள் எப்படியும் மிஞ்சும். மறுபடி ஃப்ரீசரில் போட்டால் உடைந்துபோகும். தான்த் அவற்றுக்கு நடுவே வதக்கிய கொத்துக்கறியை வைத்து, பாலில் அடித்த முட்டையை மேலே ஊற்றி அதே ஓவனில் தள்ளிவிடுவார். பக்லாவா பெருநாளுக்கு, இது அன்றைய ராத்திரிக்கு.