பெண் குழந்தைக்கு வைக்க ஷார்லட்டா, மிஷெலா?

இரண்டுமே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பெண் பெயர்கள்தான். ஷார்லட் என்பது சார்லஸின் பெண் வடிவம், செல்லமாகக் கூப்பிடுகிற தொனியோடு. மிஷெல் மைக்கேலின் பெண் வடிவம், 'கடவுளுக்கு நிகர் யார்?' என்று பொருள். பிரெஞ்சில் மிஷெல் என்ற ஆண் பெயரும் பெண் பெயரும் காதில் ஒன்றுபோலவே விழும், எழுத்தில்தான் வித்தியாசம்.

வரலாறு என்று பார்த்தால் ஷார்லட் பக்கம்தான் கனம். 1761-ல் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜை மணந்த ஜெர்மன் இளவரசி ஷார்லட்டின் பெயரைத்தான் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு ஊருக்கே வைத்தார்கள், அது இருக்கும் கவுண்டிக்கும் (மாவட்டம் மாதிரி) அவர் பிறந்த நாடான மெக்லன்பர்க்கின் பெயர்தான்!

மிஷெல் அமெரிக்காவில் 1960, 70களின் அலை. மிஷெல் ஒபாமாவே 1964-ல் பிறந்தவர். இன்று குழந்தைக்கு வைத்தால் அம்மா தலைமுறைப் பெயர் மாதிரி இருக்கும். ஷார்லட்டோ 2014 முதல் அங்கே முதல் பத்துக்குள், 2015-ல் பிறந்த பிரிட்டிஷ் இளவரசிக்கும் அதே பெயர், அதனால் வகுப்புக்கு இரண்டு ஷார்லட் இருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தக் கூட்டம் வேண்டாம் என்பதால் என் ஓட்டு மிஷெலுக்கே.