பதினாறாம் நாளுக்குள் போய்ச் சேர முடியுமா? நாலு ஊர் குவாரன்டைன் விதிகள், ஒரே கேள்வி

கொரோனா காலத்து எல்லை விதிகளைப் பற்றிப் பேசும்போது எந்த நாட்டில் எத்தனை பேர் இறந்தார்கள், எந்த நாடு முதலில் திறந்தது என்றுதான் ஒப்பிடுகிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் வெளிநாட்டில் இருப்பவனுக்கு இன்னொரு அளவுகோல் இருக்கிறது, எனக்கு அதுதான் முதலில் வரும். ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று இன்று போன் வந்தால், பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர முடியுமா, முடித்துவிட்டு என்றைக்கு வேலைக்குத் திரும்ப முடியும்? இதற்குத் தேதியோடு பதில் சொல்லும் விதி நல்ல விதி. சிங்கப்பூர், நியூசிலாந்து, ஹாங்காங், தாய்லாந்து நாலையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

சும்மா கேட்கவில்லை. 2020 ஆகஸ்டில் என் அப்பா தவறினார். நான் சிங்கப்பூரில் நிரந்தரவாசி. வெளிநாட்டில் மாட்டியவர்களை இந்திய அரசு அழைத்துவந்த வந்தே பாரத் விமானத்தில் இடம் கிடைத்து பட்டுக்கோட்டை போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது, போனதும் வீட்டுத் தனிமை. மாடியறைக்குச் சாப்பாட்டைப் படியிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். பதினாறாம் நாள் காரியத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்தே பார்த்தேன், கீழே பங்காளிகள் எல்லோரும் இருந்தார்கள். திரும்பி வந்ததும் ஹோட்டலில் 14 நாள், 2,000 சிங்கப்பூர் வெள்ளி. திறக்காத கண்ணாடி ஜன்னல், வெளியே ஒரு நாற்காலி, அதில் மூன்று வேளையும் காகிதப் பையில் சாப்பாடு.

இருந்தாலும் அந்த 14 நாளை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போது தடுப்பூசியே கிடையாது, நோய் உடம்பில் வெளிப்பட எடுக்கும் அதிகபட்ச நாள் என்று வைத்த கணக்கு அது. எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்தது, மேலாளரிடம் தேதி சொல்லிவிட்டுப் போக முடிந்தது.

தடுப்பூசி வந்த பிறகு யார் என்ன செய்தார்கள் என்பதில்தான் நாலு ஊரும் பிரிகின்றன.

சிங்கப்பூர் முதலில் ஹாங்காங்கோடு ஒரு பயணக் குமிழி, அதாவது இரண்டு ஊருக்கும் இடையே தனிமை இல்லாமல் போய்வரும் ஏற்பாடு, போட்டுப் பார்த்தது. 2020 நவம்பர் 22-ல் தொடங்க வேண்டியது முந்தின நாள் தள்ளிப்போனது, 2021 மே 26 என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது, ஆகஸ்டில் கைவிட்டார்கள். இரண்டு பக்கமும் தொற்று ஏறக்குறைய இல்லாமல் இருந்தால்தான் குமிழி ஓடும், ஒரு பக்கம் நாலு பேருக்கு வந்தாலும் உடையும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து குமிழிக்கும் இதே கதிதான், 2021 ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் நின்றது.

அப்புறம் வந்ததுதான் விடிஎல், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் ஹோட்டல் தனிமை இல்லாமல் வருவதற்கான பயணத் தடம். 2021 ஆகஸ்ட் 29-ல் மக்கள்தொகையில் 80 சதவீதம் பேருக்கு இரண்டு ஊசியும் முடிந்தது, செப்டம்பர் 8-ல் ஜெர்மனிக்கும் புருணைக்கும் தடத்தைத் திறந்தார்கள். இந்த வரிசை முக்கியம்: முதலில் ஊருக்குள் ஊசி, பிறகு கதவு. சென்னை, டெல்லி, மும்பைக்கு நவம்பர் 29-ல் வந்தது. கோவேக்சின் போட்டவர்கள் அதுவரை திண்டாடிக்கொண்டிருந்தார்கள், நவம்பர் 3-ல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்ததும் அந்தக் கவலையும் தீர்ந்தது.

அந்த டிசம்பரில் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்று போய்வந்தேன். கிளம்பும் முன் 48 மணி நேரத்துக்குள் ஒரு பிசிஆர், சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் இன்னொன்று, முடிவு வரும் வரை வீட்டில் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மூக்கில் குச்சி விட்டார்கள், விடியற்காலையில் குறுஞ்செய்தி வந்துவிட்டது. 14 நாள் ஒரே இரவானது. அந்தக் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன், அப்பா நினைவு வந்துவிட்டது.

குறையும் இருந்தது. குறிப்பிட்ட விமானத்தில்தான் வர வேண்டும். ஓமிக்ரான் வந்ததும் டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை டிக்கெட் விற்பனையை நிறுத்தினார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம் என்றிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவர்களை வரவிட்டார்கள் பாருங்கள், அந்த ஒன்றுக்காகவே நான் அவர்களுக்கு மதிப்பெண் கொடுப்பேன். முன்பு அப்படி இல்லை. 2021 ஏப்ரலில் இந்தியாவில் டெல்டா அலை எழுந்தபோது, இந்தியா போனவர்களில் வேலை பாஸ்காரர்கள் யாரும் உள்ளே வர முடியாது என்று ஓரிரு நாள் அவகாசத்தில் அடைத்துவிட்டார்கள். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரரும் அப்படி ஒரு வேலை பாஸில் இருந்தவர்தான். அவருடைய அம்மா ஆக்சிஜனில் இருந்தார், போனால் எப்போது திரும்புவது என்றே தெரியாத நிலை. அவர் போகவில்லை.

நியூசிலாந்தை எடுத்துக்கொள்வோம். உயிர்க்கணக்கில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஐம்பது லட்சம் மக்கள், 2021 முடியும் வரை இறந்தவர்கள் ஐம்பதையொட்டித்தான், சிங்கப்பூரில் அதற்குள் 800-ஐத் தாண்டிவிட்டது. இதைச் சொல்லாமல் அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. எம்ஐக்யூ என்று அரசு நடத்திய ஹோட்டல் தனிமைதான் பெரிய காரணம். சிக்கல் என்னவென்றால் அறைகள் குறைவு, வர வேண்டிய சொந்தக் குடிமக்களோ ஏராளம். 2021 செப்டம்பரில் இணையத்தில் ஒரு காத்திருப்புக் கூடம் திறந்தார்கள், உள்ளே நுழைந்தவர்களுக்குக் கணினி குலுக்கிப்போட்டு வரிசை எண் கொடுக்கும். முதல் குலுக்கலில் மூவாயிரம் சொச்சம் அறைகளுக்கு 30,000 பேருக்கு மேல் நின்றார்கள். ஊருக்கு வந்து மாட்டிக்கொண்ட என் கல்லூரி நண்பன், ஆக்லாந்து குடியுரிமைக்காரன், அதிகாலையில் எழுந்து லேப்டாப் முன் உட்காருவான். ஒரு தடவை இருபதாயிரத்தைத் தாண்டிய எண் வந்தது. மனைவியும் பிள்ளையும் அங்கே, இவன் திருச்சியில்.

14 நாள் தனிமை என்றால் 14 நாள் கழித்து வீடு என்று தெரியும், குலுக்கலில் அதுவும் தெரியாது. பிரசவம், சாவு, விசா முடிவது எல்லாம் ஒரே டப்பாவில். அவசரத்துக்கென்று தனி வழி இருந்தது, ஆனால் அது மிகக் குறுகல். வெளிநாட்டில் மாட்டிய நியூசிலாந்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2022 ஏப்ரல் 27-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன்: தனிமைப்படுத்தல் சரிதான், ஆனால் தனிப்பட்டவரின் நிலையைப் பார்க்காமல் குலுக்கலில் அறை ஒதுக்கியது, சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை நியாயமில்லாமல் மட்டுப்படுத்தியது.

ஹாங்காங் இன்னும் கடுமை. 2020 டிசம்பர் கடைசியிலிருந்து பெரும்பாலான ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஹோட்டலில் 21 நாள். இதில் பதினாறாம் நாள் என்ன, நாற்பதாம் நாளையே யோசிக்க வேண்டும். நோய் பரவாமல் இருந்தது உண்மை, 2021 முடிய இறந்தவர்கள் இருநூறு சொச்சம். ஆனால் அத்தனை நாள் கதவைப் பூட்டி வாங்கிய நேரத்தில் வயதானவர்களுக்கு ஊசி போய்ச் சேரவில்லை. 80 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஊசி போடாமல் இருந்தபோது 2022 தொடக்கத்தில் ஓமிக்ரான் உள்ளே வந்தது, சில மாதங்களில் 9,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். நாலில் மோசமானது என்று இதைத்தான் சொல்வேன். அதன் பிறகும் ஹோட்டல் தனிமை முழுதாகப் போனது 2022 செப்டம்பர் 26-ல்தான்.

தாய்லாந்தின் புக்கெட் திட்டம் நம் கேள்விக்கு உதவாது, அது சுற்றுலாவுக்குப் போட்டது. தீவில் இருப்பவர்களுக்கு முதலில் ஊசி போட்டு, 2021 ஜூலை 1-ல் வெளிநாட்டுக்காரர்களை விட்டார்கள். அறைக்குள் அடைக்காமல் தீவுக்குள் சுற்றலாம், 14 இரவு கழித்து மற்ற ஊர்களுக்குப் போகலாம். புத்திசாலித்தனமான யோசனைதான், ஆனால் பாலத்திலும் துறைமுகத்திலும் ஆளை நிறுத்திப் பார்க்க வசதியுள்ள தீவுக்குத்தான் சரிப்படும்.

ஆக, தடுப்பூசிக்கு முன் நியூசிலாந்து, பின் சிங்கப்பூர். இது என் தேர்வு. அடுத்த தடவை இப்படி ஒன்று வந்தால் சாவுக்கும் பிரசவத்துக்கும் குலுக்கலில் சேராத தனி அறைகள் வேண்டும், விதி மாறும்போது ஏற்கெனவே பயணத்தில் இருப்பவனுக்குப் பழைய விதி செல்ல வேண்டும்.

சிங்கப்பூருக்கு முழு மதிப்பெண் போடவும் எனக்கு மனசு வரவில்லை. நான் ஒரே இரவில் வெளியே வந்த அதே டிசம்பரில், சிங்கப்பூரிலேயே துவாஸ் பக்கம் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் இருந்த என் பெரியப்பா மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரவே அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு ஊசியும் போட்டவன்தான். விடுதியில் தங்கிய தொழிலாளர்கள் வெளியே வரச் சீட்டு வேண்டும் என்ற கட்டுப்பாடு 2022 ஜூனில்தான் தளர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு அதன் பிறகும் சீட்டு வேண்டியிருந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் விடுதி வாசலில் போய் நின்றேன், கோடாலித் தைலம் ஆறு புட்டியும் ஒரு போர்வையும் கொடுத்தனுப்பினான். பட்டுக்கோட்டையில் பெரியம்மா பையை வாங்கிக்கொண்டு, "நீ எப்பப்பா திரும்பப் போற?" என்று கேட்டார். இருபத்தோராம் தேதி என்றேன். "அவன் எப்ப வருவான்?" என்றார். அதற்குச் சொல்ல என்னிடம் தேதி இல்லை.