தெருச்சீட்டா, ஸ்டார்ட்டப் மானியமா? கொழிஞ்சாம்பாறைக் கணக்கு

மிஸ்டு கால் கொடுத்தால் தோப்பு மோட்டார் ஓட வேண்டும். நானும் மச்சானும் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மொபைல் ரிப்பேர் கடையின் பின்கட்டில் செய்வது அந்தப் பெட்டிதான்: ஒரு சிம், மோட்டாரைப் போட்டு அணைக்க இரண்டு ரிலே சுவிட்ச், ஒரு போர்டு. முதல் இருபது பெட்டிக்குக் காசு புரட்ட வேண்டியிருந்தது.

முதலில் தெருச்சீட்டுக்குப் போனோம். டீக்கடைத் திண்ணையில் ஏலம். அவசரம் எங்களுக்கு, சீட்டுத் தொகையில் தள்ளுபடி விட்டுத்தான் எடுத்தோம். திட்ட அறிக்கை யாரும் கேட்கவில்லை. "உங்கப்பா சொசைட்டிக்குப் பால் ஊத்தறாருல்ல, அது போதும்" என்றார் சீட்டு நடத்தும் அண்ணன். (1982 சிட்ஃபண்டு சட்டப்படி அனுமதி வாங்கினாரா என்று நானும் கேட்கவில்லை.) ஆனால் அடுத்த மாதமே தவணை. ஒரு மழையில் மூன்று போர்டு கருகின. சீட்டு அதற்காக நிற்குமா? ஆறு மாதம் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு இந்தக் காசு ஆகாது. எங்கள் பக்கத்தில் கைதேர்ந்த பையன்கள் ரிப்பேரோடு நின்றுவிடுவதற்கு இதுவும் காரணம் என்பேன்.

பொறுமையான காசு அரசிடம்தான். 2021-இல் வந்த ஸ்டார்ட்டப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். சரி, வாசல் எங்கே? கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ (பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு) பதிந்த கூட்டாகவோ இருக்க வேண்டும். தனியாள் பெயரில் நடக்கும் எங்கள் கடைக்கு ஸ்டார்ட்டப் என்கிற அங்கீகாரமே கிடையாது. அடமானம் கேட்காத முத்ரா கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனால் கொட்டேஷன் கேட்டார்கள். கோவை காந்திபுரத்தில் நாங்கள் ரிலே வாங்கும் கடை தருவது சிகரெட் அட்டையில் எழுதிய கூட்டல்.

இரண்டுக்கும் நடுவில் கே.எஸ்.எஃப்.இ. தெருவின் பழக்கத்தை எடுத்து, கேரள அரசு 1969-இல் தொடங்கிய சீட்டுக் கம்பெனி. ஏலம் அதேதான், பாஸ்புக்கும் ரசீதும் கூடுதல். எடுத்தபின் ஜாமீன் வேண்டும்: நிலம், நகை, இல்லாவிட்டால் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் ஒருவரின் சம்பளச் சான்று. மாமா வாத்தியார், பிழைத்தோம். இப்போதைக்கு என் ஓட்டு இதற்குத்தான். மானியத்துக்குக் கம்பெனி பதிவதை இருபது பெட்டி விற்ற பிறகு பார்க்கலாம்.

அப்புறம் எல்லைக் கணக்கு ஒன்று உண்டு. ஆப் மாதிரி சேவையாக விற்றால், வருடத்துக்கு 20 லட்சம் தாண்டாதவரை மாநிலம் கடந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். பெட்டியாக எல்லை தாண்டி அனுப்பினால் ஒரே ஒரு பெட்டிக்கும் பதிய வேண்டும். பொள்ளாச்சித் தோப்புக்காரர் ஒருவர் இரண்டு கேட்டிருக்கிறார். இரண்டு பெட்டிக்காக ரிட்டர்ன் போடுவதா என்கிறான் மச்சான். தோப்புக்காரரோ, எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டிக் கடைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்.